நாற்பதைத் தாண்டிப் பழகுகிறவர்கள்: வன்னியில் சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்ப் பாடசாலை மைதானத்தில் புல் இன்னும் நனைந்திருக்கும். ஸ்கூட்டி பழக வருகிறவர்கள் அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், பார்க்க ஆளிருக்காது என்பதால். போன மாசி மாதம் அங்கே வந்த அக்காவுக்கு 52 வயது. எட்டு வயதில் தகப்பனின் சைக்கிளில் பாருக்குள் காலைவிட்டு மிதிக்கத் தொடங்கியவர். பிறகு பின்கரியரில் பிள்ளைகள், ஹான்டிலில் அரிசிப் பை, நடுவில் மண்ணெண்ணெய்க் கான் என்று ஒரு குடும்பத்தையே சைக்கிளில் சுமந்தவர். ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவருடைய உடல் தடுமாறவேயில்லை. இருபது மீற்றர் கோடு போட்டதுபோல் நேராகப் போனார். அப்போது வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு நாய் குறுக்கே வந்தது. அக்கா ஹான்டிலை இறுக்கிப் பிடித்தார். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்து, கிளுவை வேலியைப் பிரித்துக்கொண்டு போய் அடுத்த வளவுக்குள் நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை.

அந்த இரண்டு விநாடிகளில் நடந்ததை விளங்கிக்கொண்டால், இங்கே வயது போய்ப் பழகுகிறவர்களின் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். சைக்கிளில் பயம் வந்தால் ஹான்டிலை இறுக்கிப் பிடிப்பதில் ஆபத்தில்லை. கைப்பிடி வெறும் கைப்பிடிதான். ஸ்கூட்டியிலோ வலக் கைப்பிடிதான் அக்சிலேட்டர். பயத்தில் உடல் தானாகப் பின்னே சாய்கிறது, கை நீள்கிறது, மணிக்கட்டு கீழே இறங்குகிறது, அக்சிலேட்டர் முறுகித் திறக்கிறது. வண்டி பாய்ந்ததும் உடல் இன்னும் பின்னே தள்ளப்பட, கை இன்னும் முறுக்குகிறது. அக்கா நாற்பத்து நான்கு வருடமாகச் சரியாகச் செய்துவந்த ஒன்றை அன்றும் அப்படியே செய்தார். வண்டிதான் வேறாக இருந்தது.

நானும் 46 வயதில் பழகியவள். ஐந்து வருடமாக இந்த மைதானத்தில் மற்றவர்களுக்குப் பழக்கிக்கொண்டும் இருக்கிறேன். வயதால் வரும் தடையைவிட சைக்கிளால் வரும் தடை பெரிது என்பதே நான் கண்டது. இங்குள்ளவர்களிடம் இருக்கும் பெரிய முதலும் அதே சைக்கிள்தான். எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதை மறக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லித் தருகிறவர்கள்தான் குறைவு. மகனோ மருமகனோ இரண்டு பின்னேரம் பின்னால் ஓடிவந்து, "அம்மா, சைக்கிள் மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்த வயதுக்காரர்கள் ஏன் இவ்வளவு பேர்

மற்ற மாவட்டங்களில் பதினெட்டு, இருபது வயதில் முடிந்துவிடும் காரியம் வன்னியில் ஏன் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் தள்ளிப்போனது என்பதற்கு வருடக் கணக்கே பதில் சொல்லும். 1972இல் பிறந்த ஒருவர் 1990இல் 18 வயதை எட்டியிருப்பார். அந்த ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கியது. ஓடிய சில மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. நோயாளியைக் கொண்டுபோகவும் கடமைக்குப் போகவும் மட்டும் ஓடிய வண்டியை, பழகுவதற்கென்று யாரும் தரமாட்டார்கள். அந்தக் காலத்தில் வன்னி முழுவதும் சைக்கிளில் ஓடியது. முட்டையும் மீனும் விறகும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் சைக்கிளில் போனார்கள்.

பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டும் காட்சி அன்றைய வன்னிக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெண் போராளிகள் எம்டி 90 வண்டிகளில் கிரவல் வீதியில் புழுதி கிளப்பிக்கொண்டு போவதை நாங்கள் தினமும் பார்த்தோம். எம்டி 90 ஜப்பானில் தபால்காரர்களுக்காக ஹொண்டா செய்த வண்டி. கிளச் பிடிக்கத் தேவையில்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றுவது. ஆகவே "பெண்ணுக்கு ஏன் இது" என்ற கேள்வி எங்கள் ஊரில் அவ்வளவாக எழுந்ததில்லை. பெற்றோலும் வண்டியும் ஊர்ப் பெண்ணின் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

2002இல் போர் நிறுத்த உடன்படிக்கை வந்தது, ஏ9 வீதி திறந்தது, பெற்றோல் வந்தது. கையில் காசிருந்தவர்கள் வண்டி வாங்கினார்கள். 2006 ஓகஸ்ட்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் வரை உருட்டிக்கொண்டு போன சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் அங்கேயே மலைபோல் கிடந்து துருப்பிடித்தன. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. அங்கிருந்து திரும்பி, காடு பற்றியிருந்த வளவைத் துப்புரவாக்கி, கூரை போட்டு நிமிர்ந்தபோது, 1972இல் பிறந்தவருக்கு நாற்பது வயது. அந்த நாற்பது வயதுக்காரர்களில் கணவரை இழந்தவர்களும் தேடிக்கொண்டிருப்பவர்களும் ஏராளம். முன்பு வீட்டில் இன்னொருவர் ஓட்டிய வண்டியைத் தானே ஓட்ட வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

அதே சமயம் வீதியும் மாறிவிட்டது. ஏ9க்குக் காப்பெற் போட்டார்கள். பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியும் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் ஏ34 வீதியும் திருத்தப்பட்டன. லீசிங் கம்பனிகள் வந்தன. முற்பணம் கட்டினால் இந்திய வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. ஆனால் பெருவீதியிலிருந்து உள்ளே ஐந்து, எட்டுக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் குடியிருப்புகளுக்குப் பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்ற கணக்கிலேயே நின்றது. நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு என் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீற்றர். முப்பது வயதில் அதைச் சைக்கிளில் மிதித்தேன். நாற்பத்தைந்தில் முழங்கால் விடவில்லை. கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் போக வேண்டியவர்கள் எல்லோரும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். ஆசையால் பழக வருகிறவர்களும் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெரும்பாலோரைக் கொண்டுவருவது முழங்காலும் பஸ் நேரமும்தான்.

சைக்கிள் தந்திருப்பது

ஒரு தடவையும் சைக்கிள் ஓட்டாத ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் பழக்குவது கடினம். இரண்டு சில்லில் நிமிர்ந்து நிற்பதே அவருக்குப் புதிது. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பாடம் எலும்பில் இருக்கிறது. இதை ஒரு சின்னச் சோதனையால் காட்டுவேன். சைக்கிளில் ஓரளவு வேகமாகப் போகும்போது வலக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளச் சொல்வேன். ஹான்டில் இடப்பக்கம் திரும்ப, சைக்கிளோ வலப்பக்கம் சாய்ந்து வலப்பக்கமே வளையும். எத்தனையோ வருடம் சைக்கிள் ஓட்டியவர்கள்கூட இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள், செய்து பார்த்ததும் வியப்பார்கள். மோட்டார் சைக்கிளும் அப்படியேதான் திரும்புகிறது. வளைவில் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கக் கையை மெல்லத் தள்ள வேண்டும். அவர்களின் உடலுக்கு இது தெரியும், பெயர்தான் தெரியாது. ஆகவே சமநிலை பற்றிப் பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.

வித்தியாசம் பாரத்தில் இருக்கிறது. சைக்கிள் இருபது கிலோ வரும். ஒரு சின்ன ஸ்கூட்டி தொண்ணூறு கிலோவைத் தாண்டும், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் அதற்கும் மேல். சாயத் தொடங்கிய சைக்கிளைக் காலூன்றி நிமிர்த்தலாம். சாய்ந்த ஸ்கூட்டியை அப்படி நிமிர்த்தப் போனால் முழங்கால் திருகிக்கொள்ளும். அதனால் முதல் நாள் எஞ்சினை இயக்கவே விடமாட்டேன். வண்டியை உருட்டிக்கொண்டு மைதானத்தை இரண்டு சுற்று நடக்க வேண்டும். நடுஸ்டாண்டில் ஏற்றி இறக்க வேண்டும். எவ்வளவு சாய்ந்தால் கையில் நிற்கும், எவ்வளவு சாய்ந்தால் விட்டுவிட வேண்டும் என்பதை உடல் அளந்துகொள்ளும்.

அடுத்தது வேகம். பயந்தவர்கள் நடை வேகத்தில் ஓட்டுவார்கள். அதில்தான் விழுவார்கள். நடை வேகத்தில் இரு சில்லு வண்டி தானாக நிமிர்ந்து நிற்காது, ஹான்டிலை இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து கிலோமீற்றர் வேகம் வந்தால் வண்டி தானே நேராகிவிடும். மெதுவாகப் போயே ஆகவேண்டிய இடத்தில் அக்சிலேட்டரைச் சிறிது திறந்து வைத்து, பின் பிரேக்கை மெல்லத் தொட்டபடி போக வேண்டும். எஞ்சின் முன்னே இழுக்கும், பிரேக் பின்னே பிடிக்கும், வண்டி கயிறு கட்டியதுபோல் நிமிர்ந்து போகும். எட்டுப் போடுவதற்கு இதுதான் வழி.

சைக்கிள் கெடுத்திருப்பது

கெட்ட பழக்கங்களில் முதலாவது பார்வை. சைக்கிளில் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர், ஒன்றைக் கண்டு, பிரேக்கைப் பிடித்து, நிற்பதற்குப் பத்து மீற்றர் போதும். நாற்பது வருடம் அப்படி ஓட்டிய கண் பத்து மீற்றருக்கு அப்பால் பார்க்கத் தேவைப்படாத கண். இப்போது 40 கிலோமீற்றர் வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு விநாடியில் 11 மீற்றர் போகிறோம். மாட்டைக் கண்டு, இது மாடு என்று மனம் உணர்ந்து, கை பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி ஆகும். பிரேக் பிடிக்கும் முன்பே 17 மீற்றர் போய்விட்டது. காய்ந்த தார் வீதியில் அளவாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 12 மீற்றர். மொத்தம் 29 மீற்றர். 60 கிலோமீற்றர் வேகத்தில் அதே கணக்கு 53 மீற்றர் வரும், ஏறத்தாழ ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரமோ இரு மடங்குக்குக் கிட்டப் போய்விட்டது. இந்தக் கணக்கை மைதானத்தில் அடி அளந்து, கல் வைத்துக் காட்டுவேன். முன்சில்லைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் தலையை நிமிர்த்துகிறார்கள். எனக்குப் பழக்கிய தங்கச்சி, "அக்கா, சில்லைப் பார்க்காதீர்கள், அந்தப் பனையைப் பாருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். பார்வை போகும் இடத்துக்கு வண்டி போகும். குழியைப் பார்த்துக்கொண்டே போகிறவர் குழிக்குள்தான் போவார்.

இரண்டாவது பிரேக். "முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய்" என்று சின்ன வயதில் சொல்லப்பட்டதை யாரும் மறப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் இந்தப் பயம் உயிரைப் பறிக்கும். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் நம் பாரமும் முன்சில்லின்மேல் போய் இறங்கும். பின்சில்லு இலகுவாகி, பிடிப்பை இழந்து வழுக்கும். தார் வீதியில் வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும் பங்கு முன் பிரேக்குக்கு உரியது. வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் முதலில் மெல்ல, பாரம் முன்னே வந்ததை உணர்ந்து பிறகு வலுவாகப் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டியில் வலக்கை முன் பிரேக், இடக்கை பின் பிரேக். சில ஸ்கூட்டிகளில் இடக்கையை அழுத்தினால் இரண்டு சில்லும் சேர்ந்து பிடிக்கும். கியர் வண்டியில் பின் பிரேக் வலக்காலில் இருக்கிறது. தன் வண்டி எந்த வகை என்பதை வாங்கிய அன்றே தெரிந்துகொள்ள வேண்டும். ஹான்டில் திரும்பியிருக்கும்போதும் மணல் கிடக்கும்போதும் முன் பிரேக்கை வலுவாகப் பிடிக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாவது, எனக்கு ஆகப் பயம் தருவது, வலப்பக்கம் திரும்புவது. சைக்கிள்காரர் பின்னால் வருவதைக் காதால் அறிகிறார். அவருடைய வண்டிக்குச் சத்தமில்லை, வருகிற வாகனத்தின் சத்தம் தூரத்திலேயே கேட்கும், கையை நீட்டிவிட்டு வெட்டித் திரும்பிவிடுவார். தலைக்கவசமும் சொந்த எஞ்சினின் இரைச்சலும் அந்தக் காதை மூடிவிடுகின்றன. மணல் ஏற்றிவரும் டிப்பர் முதுகுக்குப் பின்னால் வந்தால்கூடத் தெரியாது. கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, தலையைத் திருப்பி வலத்தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்து, நடுக்கோட்டுக்கு அண்மையில் வந்து, எதிரே வருகிறவர்களை விட்டுத் திரும்ப வேண்டும். இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வைப்பேன். பழகுகிறவர் பழையபடி காதை நம்பித் திரும்பினால் அன்றைக்கு வகுப்பு அத்தோடு முடிந்தது. பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கும் வண்டியில் நான் யாருக்கும் பழக்குவதில்லை. ஒழுங்கையிலிருந்து பெருவீதிக்கு நிற்காமல் ஏறுவதும் இதே சைக்கிள் காலத்துப் பழக்கம்தான்.

அக்சிலேட்டர் பயத்துக்கு மருந்து எளிது. மணிக்கட்டைக் கைப்பிடிக்கு மேலே உயர்த்தி வைக்காமல், முன்கையோடு ஒரே கோட்டில் வைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நான் திடீரென்று கை தட்டுவேன். தட்டியதும் அக்சிலேட்டரை முற்றாக விட்டு, இரண்டு பிரேக்கையும் பிடித்து, நின்றபின் காலை ஊன்ற வேண்டும். ஒவ்வொரு நாள் காலையும் இருபது தடவை. வேலிக்குள் போன அக்காவுக்கு இது உடம்பில் ஊற ஒன்பது நாட்கள் எடுத்தன. ஒன்பதாம் நாள் அதே நாய் மறுபடியும் வந்தது. வண்டி நின்றது. அக்கா இறங்கி, ஹான்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

உடம்பு

வயதால் வருவதையும் மறைக்கக் கூடாது. நாற்பதுக்குப் பிறகு வரும் வெள்ளெழுத்து கிட்டப் பார்வையைத்தான் மங்கச்செய்யும். வேகமானியின் எண் மங்கலாகத் தெரியும், வீதி தெரியும். ஆகவே வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. தூரம் மங்கும் அதிலிருந்து. கண்புரை தொடங்கியவர்களுக்குப் பகலில் குறை தெரியாது. இரவில் எதிரே வரும் வெளிச்சம் பூவாக விரிந்து வீதியையே மறைத்துவிடும். அவர்கள் பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும். நீண்ட நாள் சலரோகம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கால் பிரேக் உள்ள வண்டி அவர்களுக்குச் சரிவராது, கைப் பிரேக் ஸ்கூட்டிதான் நல்லது. உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறவர்கள் எங்கள் ஊரில் பலர். தோளிலோ முதுகிலோ இருந்தால் குலுங்கும் கிரவல் வீதி வலியைக் கிளப்பும். வைத்தியரிடம் கேட்காமல் அவர்கள் தொடங்கக் கூடாது.

வயதானவர்கள் கற்க அதிக நாட்கள் எடுப்பது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் பழகுவதைவிட ஒவ்வொரு காலையும் இருபது நிமிடம் பழகுவது பலன் தருகிறது. நேற்று வராதது இன்று தூங்கி எழுந்ததும் வந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இளையவர்களிடம் இல்லாத ஒரு நல்ல குணம் இவர்களிடம் இருக்கிறது. வேகத்துக்கு ஆசைப்படமாட்டார்கள்.

அனுமதிப்பத்திரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் அனுமதி, பிறகு செய்முறைப் பரீட்சை என்பது ஒழுங்கு. எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். நாற்பது வினாக்கள், விடையைத் தெரிவுசெய்தால் போதும். பள்ளிப் படிப்பை இடம்பெயர்வில் விட்டவர்கள் செய்முறையைவிட இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். நான் சமிக்ஞைப் படங்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்வேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 சீசீ வரையான வண்டிக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. இங்கே அதிகம் ஓடும் ஸ்கூட்டி பெப் 88 சீசீக்குள் அடங்குவது. பல புதிய ஸ்கூட்டிகள் 100ஐத் தாண்டியவை. ஏ1 மட்டும் எடுத்துவிட்டு 110 சீசீ வண்டி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் அந்த இடத்தில்தான் இடறும்.

வண்டி வாங்கும் கணக்கும் முன்புபோல் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய ஸ்கூட்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் கிடைத்தது. லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் என்று பார்த்தால் 160 கிலோமீற்றர், எனக்குப் பாடசாலை போய்வரப் போதுமாக இருந்தது. அந்த மாதங்களில் சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. வீட்டில் சைக்கிளை விற்காமல் வைத்திருங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

வன்னி வீதி

மைதானத்தில் எட்டுப் போட்டவர் வன்னி வீதியை ஓட்டிவிட்டார் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் கட்டாக்காலி மாடுகள் ஈரமான வயலைவிட்டுச் சூடான தார் வீதியில் வந்து படுக்கும். இரவில் கறுப்பு மாடு வெளிச்சத்தில் தெரிவது கிட்டப் போன பிறகுதான். மாசி, பங்குனி அறுவடையில் வீதியின் பாதியில் நெல் காயும். நெல்மணி ரயருக்கு அடியில் உருளும். அதன்மேல் ஏறினால் பிரேக்கையும் ஹான்டிலையும் தொடாமல் நேராகக் கடந்துவிட வேண்டும். உள்வீதிகளில் கிரவல் காய்ந்து அலை அலையாக நிற்கும். அங்கே கைகளைத் தளர்த்தி வைத்து, வண்டி கொஞ்சம் ஆடுவதை ஆடவிட்டுப் போக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன்சில்லு வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மதகுகளுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் நின்று திரும்புவதே சரி. தண்ணீருக்குள் வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

ரயில் கடவையையும் சொல்லாமல் விட முடியாது. யாழ்தேவி 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கியது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் இங்கே தண்டவாளமே இல்லை. தண்டவாளம் இருந்த கரையை வீதியாக நடந்து திரிந்தவர்கள் நாங்கள். ரயில் வரும் என்ற நினைவு எங்கள் வயதுக்காரர்களின் உடம்பிலிருந்து போய்விட்டது. காவலில்லாத கடவையில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும். தலைக்கவசத்துக்குள் ரயிலின் சத்தம் கேட்கும் என்று நம்பக் கூடாது.

கடைசியாகச் சோளகக் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். காட்டோர வீதிகளில் மரம் தடுத்துவிடும். ஆனையிறவில் தடுக்க ஒன்றுமில்லை, இரு பக்கமும் உப்பு நீர். பரந்தனிலிருந்து வடக்கே போகும்போது காற்று இடப்பக்கமிருந்து, கொஞ்சம் பின்னாலிருந்து தள்ளும். நாம் வீதியின் இடக்கரையில் போவதால், அது நம்மை எதிரே வரும் வாகனங்களின் பக்கமாகத்தான் தள்ளுகிறது. பெரிய பஸ் ஒன்று நம்மைக் கடக்கும் கணத்தில் காற்று குழம்பி, வண்டி ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விடும். காற்றுப் பக்கத்துக் கையை மெல்லத் தள்ளிப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, சேலைத் தலைப்பையும் பையையும் உடம்போடு ஒடுக்கிக்கொண்டு போக வேண்டும். சேலைத் தலைப்பு பின்சில்லில் மாட்டி விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். எந்தக் காலத்திலும் அதை ஊசி குத்தி இடுப்பில் செருகிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.

வேலிக்குள் போன அக்கா ஆடி மாதம் செய்முறைப் பரீட்சையில் சித்தியடைந்தார். இப்போது வயலுக்கும் கிளினிக்குக்கும் தானே போகிறார். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வந்தார். வற்றாப்பளைக்கும் ஒருமுறை போய்வந்துவிட்டார். அவருடைய மகள் கலியாணம் கட்டிப் போயிருப்பது பளைக்கு. அங்கே போக ஆனையிறவைக் கடக்க வேண்டும். போன கிழமை அதைப் பார்க்கவென்றே பரந்தன் வரை ஓட்டிப் போய், வண்டியை நிறுத்தி, வீதியோரப் பனைகள் காற்றில் எப்படிச் சாய்கின்றன என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். சோளகம் விட்டு மழை தொடங்குவதற்கு இடையில், புரட்டாதிக் கடைசியில், இரண்டு மூன்று கிழமை காற்று அடங்கிக் கிடக்கும். பேரப்பிள்ளைக்குச் சட்டை தைத்து வைத்துக்கொண்டு அந்த நாட்களுக்காகக் காத்திருக்கிறார்.